சாரதியும் பதினைந்து எழுத்தும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மயிலாப்பூருக்கு ஒரு வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தோம். நல்ல மழை. சென்னைப் பட்டணத்தில் மழை பெய்துவிட்டால் புது மோட்டாருக்கும் பழைய ஜட்காவுக்கும் வேகத்தில் பேதம் கிடையாது என்பது நேயர்கள் அறிந்ததே. ராயப்பேட்டைக்கு வந்ததும் வண்டி அடியோடு நின்றுவிட்டது. வண்டி நின்றால் வாய் திறப்பது மனித சுபாவம் அல்லவா? சாரதி மெல்லத் திரும்பிப் பார்த்து, "ஸார், தப்பா நினைச்சுக்காதீங்க. இங்கிலீஷ் காகிதம் ஒண்ணு இருக்கு. படிச்சுச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா என்று நம்மைப் பார்த்தும் ஒருவர் கேட்பதா! "அதற்கென்ன, கொடுங்கள்" என்று மிகுந்த பெருமையுடன் கையை நீட்டினோம். இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவில் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு தாளை அவர் எடுத்துக் கொடுத்தார். முதல் வரியைப் படித்தோம், புரிந்தது. இரண்டாவது வரியைப் படித்தோம். புரிந்தது போல் இருந்தது. மூன்றாவது வரிக்கு வந்தபோது நம்முடைய கர்வம் முழுவதும் மழைத் தண்ணீருடன் சேர்ந்து ராயப்பேட்டைச் சாக்கடையில் ஓடிவிட்டது.

நமக்கு விளங்கியது இவ்வளவுதான்: அந்தச் சாரதி விற்பனை வரி இலாகாவில் பதிவு செய்துகொண்ட ஒரு வியாபாரி, அவர் காட்டவேண்டிய கணக்கைக் காட்டவில்லை, பதினைந்து நாளுக்குள் காட்டாவிட்டால் சர்க்காரே ஒரு தொகையை நிர்ணயிக்கக்கூடும்.

"நீங்கள் வியாபாரம் ஏதாவது செய்கிறீர்களா?" என்று கேட்டோம்.

"இந்த வண்டிதான் ஸார் வியாபாரம். வேற என்ன இருக்கு?" என்றார்.

பிறகு அவருடைய கதை வெளிவந்தது. வண்டி சொந்த வண்டி. ஆனால் கடன் பாங்குக்குச் சொந்தம். பெரும்பாலும் கைபேசிச் செயலி நடத்தும் ஒரு கம்பெனியின் மூலம் சவாரி கிடைக்கிறது. மாதத்தில் இரண்டொரு தடவை தெரிந்த குடும்பத்தார் திருப்பதிக்கும் காஞ்சீபுரத்துக்கும் அவரையே நேரில் அழைத்துப் போவதும் உண்டு. எட்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு தரகர் வந்து, "ஜி.எஸ்.டி. நம்பர் வாங்கி வைத்துக்கொண்டால் பெரிய ஆபீஸ்களில் மாத வாடகைக்கு வண்டி விடலாம். மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் போதும், கணக்கெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம். சாரதி கொடுத்தார். நம்பர் வந்தது. முதல் இரண்டு மாதம் தரகரும் வந்தார். அதற்குப் பிறகு தரகரும் வரவில்லை, ஆபீஸ் சவாரியும் வரவில்லை. கடைசியில் இந்த நோட்டீஸ்தான் வந்தது.

"ஓட்டின பணத்துக்கெல்லாம் நூத்துக்கு அஞ்சு கட்டணும்னு ஒருத்தர் சொல்றார் ஸார். கணக்குப் பார்த்தா நாப்பதாயிரம் வருது. வண்டியை வித்துடலாமான்னு வீட்டிலே பேசிக்கிட்டிருக்கோம்" என்றார்.

மழை விட்டது. வண்டி நகர்ந்தது. நமக்கு மட்டும் மனம் நகரவில்லை. காகிதத்தின் பிரதி ஒன்றையும் அவருடைய டெலிபோன் எண்ணையும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

* * *

நம் நண்பர் ஒருவர் ஆடிட்டர். மற்றவர்கள் நாவல் படிக்கிற ருசியுடன் வரிச் சட்டங்களைப் படிக்கக்கூடியவர். மறுநாள் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: "சவாரியை விற்றது யார்?"

"சாரதிதான். அவர்தானே ஓட்டினார்?" என்றோம்.

"ஓட்டியவர் வேறு, சட்டத்தின் கண்ணில் வரிக்குப் பொறுப்பாளி வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் நம்பர் வாங்கியதுதான் இத்தனைக்கும் காரணம்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் நேயர்களுக்குச் சொல்வதற்கு முன்னால், இந்த விற்பனை வரியின் பூர்வீகத்தைச் சற்று நினைவூட்ட விரும்புகிறோம். ஏனெனில் அது நம் வீட்டுக் கதை.

1930-ம் வருஷத்தில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களை அழைத்துச் சென்று உப்புச் சட்டத்தை மீறியவர் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார். அதே ராஜாஜி 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானதும், அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மது விலக்கை ஆரம்பித்து வைத்தார். குடியை ஒழித்தால் குடும்பத்துக்கு லாபம். ஆனால் கஜானாவுக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடு செய்வதற்காக 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. எல்லாச் சரக்குகளுக்குமான பொது விற்பனை வரியை இந்தியாவில் முதலில் விதித்தது நம் மாகாணமே. வியாபாரிகள் பெருங் கூச்சல் எழுப்பினார்கள். ஆனால் அந்தச் சட்டத்திலும் வருஷத்துக்குப் பதினாயிரம் ரூபாய்க்குக் குறைவாக விற்றுமுதல் உள்ளவருக்கு வரி இல்லை என்று விட்டிருந்தார்கள். வரி விதித்தாலும் தெருக்கோடிச் சிறு கடைக்காரரை விட்டுவிடு என்ற தர்மம், இந்த வரியுடன் கூடவே பிறந்தது.

பிறகு 1959-ல் வேறு சட்டம் வந்தது. 2007-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017-ம் வருஷம் ஜூலை முதல் தேதி தேசம் முழுவதற்கும் சரக்கு சேவை வரி என்ற ஜி.எஸ்.டி. வந்தது. மாகாணத்தின் பழைய விற்பனை வரி சரக்குக்கு மட்டுந்தான். பிரயாணம் சரக்கு அல்ல. புதிய வரியிலோ சரக்கும் சேவையும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. அன்று முதல், ஒருவரை எழும்பூரிலிருந்து மயிலாப்பூருக்குக் கொண்டுபோய் விடுவதும் ஒரு விற்பனையே.

* * *

ஆகையால் ஆடிட்டர் நண்பர் கேட்ட கேள்வி முக்கியமாகிறது. சவாரியை விற்றது யார்? விற்றவர் என்று சட்டம் யாரைக் கருதுகிறதோ அவர் வரி கட்டவேண்டும். சாரதி ஒருவரே ஆனாலும், சவாரி எப்படிக் கிடைத்தது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

முதலாவது, கையைக் காட்டித் தெருவில் ஏறும் ஆட்டோ ரிக்ஷா. இதற்கும் மீட்டர் டாக்ஸிக்கும் வரி கிடையாது. முழு விலக்கு.

இரண்டாவது, கைபேசிச் செயலியின் மூலம் அழைக்கப்படும் கார். சரக்கு சேவை வரிச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவில் ஐந்தாவது உட்பிரிவு என்று ஒன்று உண்டு. அதன்படி, செயலியை நடத்தும் கம்பெனியே சவாரியை விற்றது போல் பாவித்து வரியைக் கட்டவேண்டும். 2017 முதல் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே விதி. பிரயாணி செலுத்தும் தொகையில் வரி சேர்ந்திருக்கிறது; அதைச் சர்க்காரிடம் சேர்ப்பது கம்பெனியின் கடமை. சாரதிக்கு அதில் வேலை இல்லை. ஆகவே நம் சாரதி, கம்பெனி மூலம் ஓட்டிய சவாரிகளுக்கு நூற்றுக்கு ஐந்து கட்டவேண்டும் என்று யாரோ சொன்னது முழுத் தவறு. ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வரி வாங்கச் சட்டம் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2022-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஆட்டோவும் செயலி மூலம் அழைக்கப்பட்டால் இந்த விதிக்குள் வந்துவிட்டது. அதே ஆட்டோ, அதே சாரதி, அதே தெரு. கையைக் காட்டி ஏறினால் வரி இல்லை. கைபேசியைத் தட்டி ஏறினால் நூற்றுக்கு ஐந்து. இது நியாயமா என்று சில கம்பெனிகளும் ஆட்டோத் தொழிலாளர் சங்கம் ஒன்றும் தில்லி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். வரி செல்லும் என்று 2023 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று.

மூன்றாவது, சவாரிக்குச் சவாரி கமிஷன் வாங்காமல், சாரதியிடம் நாளுக்கு இவ்வளவு என்று சந்தா மட்டும் வாங்கும் செயலிகள். இங்கே கம்பெனி விற்கிறதா, சாரதி விற்கிறாரா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு. கர்நாடகத்தில் முன்கூட்டித் தீர்மானம் சொல்லும் அதிகார சபை, 2023-ல் ஒரு கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை என்றது. 2024-ல் மற்றொரு கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு என்றது. இத்தகைய தீர்மானங்கள் கேட்டவரையும் அவருக்கு உரிய அதிகாரிகளையும் மட்டுமே கட்டுப்படுத்தும். ஆதலால் சந்தாச் செயலியில் ஓட்டும் சாரதி, "வரியை நீங்கள் கட்டுகிறீர்களா?" என்று கம்பெனியை எழுத்து மூலம் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தி வைப்பது உத்தமம்.

நான்காவது, ஆபீஸ்களுக்கு மாத வாடகைக்கு வண்டி விடுவது. தரகர் ஆசை காட்டியது இதைத்தான். ஆனால் 2019-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து, தனி மனிதர் ஒருவர் பதிவு பெற்ற கம்பெனிக்கு எரிபொருளும் சேர்த்து வண்டியை வாடகைக்குக் கொடுத்து, வரியை உயர்ந்த விகிதத்தில் தாமே வசூலிக்காமலிருந்தால், வாடகைக்கு எடுக்கும் கம்பெனியே வரியைக் கட்டவேண்டும். இதற்குத் தலைகீழ் வரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வாடகை மட்டுமே தொழிலாக உள்ளவருக்குப் பதிவு செய்துகொள்ளும் கட்டாயமே இல்லை. எந்த வேலைக்காக நம்பர் வேண்டும் என்று தரகர் மூவாயிரம் ரூபாய் வாங்கினாரோ, அந்த வேலைக்கு நம்பர் வேண்டியதில்லை!

ஐந்தாவது, திருப்பதிச் சவாரி. தெரிந்தவர் வீட்டிலிருந்து நேரே அழைக்கிறார்கள். நடுவில் செயலியும் இல்லை, கம்பெனியும் இல்லை. இங்கேதான் சாரதி அசல் வியாபாரி. ஆனால் ராஜாஜி காலத்துத் தர்மம் இங்கே கைகொடுக்கிறது. சேவை செய்பவருடைய வருஷ விற்றுமுதல் இருபது லக்ஷம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். (மணிப்பூர், மிஜோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய நான்கு ராஜ்யங்களில் மட்டும் இது பத்து லக்ஷம்.)

இருபது லக்ஷம் என்பது எவ்வளவு? வருஷத்தில் ஒரு நாள் விடாமல், தீபாவளி பொங்கல் உள்பட, தினம் 5,479 ரூபாய் வசூலானால்தான் அந்த எல்லையைத் தொடலாம். ஒற்றைக் கார் சாரதிகளில் எத்தனை பேருக்கு இது கிட்டும்?

ஆயினும் கணக்குப் பார்க்கும் முறையில் ஜாக்கிரதை வேண்டும். இருபது லக்ஷம் என்பது லாபம் அல்ல, மொத்த வசூல். டீசலும் கடன் தவணையும் கழிப்பதற்கு முந்திய தொகை. ஒருவருடைய பான் எண்ணின் கீழ் இந்தியா முழுவதிலும் நடக்கும் எல்லாத் தொழிலும் அதில் சேரும். காரும் வைத்திருந்து, கடை ஒன்றை வாடகைக்கும் விட்டிருந்தால் இரண்டையும் கூட்டவேண்டும். விலக்குப் பெற்ற ஆட்டோ வசூலும் இந்தக் கூட்டலில் வரும். மனைவியின் பெயரில் வேறு பான் எண்ணில் தையல் கடை இருந்தால் அது வராது.

* * *

அப்படியானால் இரண்டு மூன்று வண்டிகள் வைத்து, நேரடிச் சவாரியிலேயே இருபது லக்ஷத்தைத் தாண்டுகிறவர் என்ன செய்யவேண்டும்? தாண்டிய முப்பது நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். சர்க்காருடைய இணையத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பான் எண், ஆதார், புகைப்படம், பாங்குக் கணக்கு விவரம், தொழில் நடக்கும் இடத்துக்கு அத்தாட்சியாக மின்சார ரசீதோ வாடகை ஒப்பந்தமோ இருந்தால் போதும். இதற்குச் சர்க்கார் வாங்கும் கட்டணம் ஒரு காசும் இல்லை. தரகர் கேட்கும் பணம் அவருடைய கூலியே தவிர வரி இலாகாவின் கட்டணம் அன்று.

பதிவானதும் பதினைந்து எழுத்துக் கொண்ட ஓர் எண் வரும். அதைப் பார்த்து மலைக்கவேண்டாம். முதல் இரண்டு இலக்கம் ராஜ்யத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரியவருடைய பான் எண். அதே பான் எண்ணில் அந்த ராஜ்யத்தில் எத்தனையாவது பதிவு என்பது பதின்மூன்றாவது. பதினான்காவது பெரும்பாலும் 'இஸட்' என்ற எழுத்து. கடைசி எழுத்து, முன்னுள்ளவற்றில் பிழை இருந்தால் காட்டிக் கொடுப்பதற்கானது.

விகிதத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று நூற்றுக்கு ஐந்து. மற்றொன்று நூற்றுக்குப் பதினெட்டு. இரண்டாவது வழி முன்பு பன்னிரண்டாக இருந்து, 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் பதினெட்டாயிற்று. பதினெட்டு வாங்கினால், வண்டி, டயர், பழுது பார்த்தல் முதலியவற்றுக்குத் தாம் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம்; ஐந்து வாங்கினால் அந்தச் சலுகை இல்லை. ஆனால் சாரதியின் பெருஞ் செலவாகிய பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.யில் சேரவே இல்லை. இன்றும் ராஜ்யத்தின் பழைய விற்பனை வரிப் பரம்பரையிலேயே இருக்கின்றன. ஆகவே கழிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இராது. சிறிய தொழிலாளிக்கு ஐந்தே சௌகரியம்.

பதிவு செய்தவர் கணக்குக் காட்டியாகவேண்டும். சிறியவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டும் முறையும் உண்டு. வரி ஒரு காசும் வராத கணக்கானாலும் தாமதித்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய், ஒரு கணக்குக்கு 500 ரூபாய் வரையில் கட்டணம். வரி உள்ள கணக்கானால் நாளொன்றுக்கு 50 ரூபாய். சிறு வியாபாரிக்கு ஒரு கணக்குக்கு 2,000 ரூபாய் வரையில். வரிப் பாக்கிக்கு வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டு வட்டி வேறு.

இதையெல்லாம்விட முக்கியமான ஒரு விஷயம்: இருபது லக்ஷத்துக்குக் கீழே உள்ளவர் தாமாக விரும்பிப் பதிவு செய்துகொண்டால், எல்லை என்ற பாதுகாப்பு அவருக்குப் போய்விடுகிறது. அன்று முதல் தாமே விற்கும் சேவைக்கு முதல் ரூபாயிலிருந்து வரி கட்டவேண்டும். நம் சாரதிக்கு நேர்ந்தது இதுதான். அவருடைய எட்டு மாதத் திருப்பதி, காஞ்சீபுரச் சவாரிகள் எண்பதாயிரம் ரூபாய். நம்பர் இல்லாதிருந்தால் இதற்கு வரியே இல்லை. நம்பர் வாங்கியதால் நாலாயிரம் ரூபாய் வரி. அதையும் அவர் பிரயாணிகளிடம் வசூலிக்கவில்லை. அதற்கு மேல் தாமதக் கட்டணம் வரியைவிட அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

* * *

இது எல்லாத் தேசத்துக்கும் பொதுவான முறை என்று எண்ணிவிடவேண்டாம். நேயர்களில் சிலருடைய பிள்ளைகளும் மருமகன்களும் டொரான்டோவிலும் ஸிட்னியிலும் இருக்கக்கூடும். ஓய்வு வேளையில் செயலி மூலம் வண்டி ஓட்டிப் படிப்புச் செலவைச் சரிக்கட்டும் இளைஞர்கள் அவர்களிலும் உண்டு. அங்கே சட்டத்தின் கண்ணில் சாரதியே விற்பவர். கனடாவில் சாதாரணச் சிறு வியாபாரிக்கு 30,000 டாலர் வரையில் பதிவு வேண்டாம். ஆனால் 2017-ம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து, செயலி மூலம் சவாரி ஏற்றுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆஸ்திரேலியாவில் 75,000 டாலர் என்ற எல்லை மற்றத் தொழில்களுக்கு உண்டு. டாக்ஸிப் பிரயாணத்துக்கு இல்லை. செயலிச் சவாரியும் டாக்ஸிப் பிரயாணமே என்று அந்நாட்டு பெடரல் கோர்ட் 2017 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக, இங்கே தேவையில்லாமல் பதிவு செய்வது தவறு. அங்கே முதல் சவாரிக்கு முன்னால் பதிவு செய்யாதது தவறு. மேலும் ஒன்டாரியோவில் நூற்றுக்குப் பதின்மூன்று, ஆஸ்திரேலியாவில் பத்து என்று சவாரிப் பணத்தில் கலந்து வரும் வரி தம் பணம் அல்ல என்பதை அங்குள்ள பிள்ளைகள் மறக்கலாகாது. அடுத்த தடவை டெலிபோனில் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பிறகு இதையும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

* * *

நம் சாரதியின் கதை என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்பார்கள். அவரை அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போனோம். இரண்டு மணி நேரத்தில் பாக்கிக் கணக்குகள் எல்லாம் தயாராயின. கம்பெனி மூலம் ஓட்டிய சவாரிகளை, 'வரியைக் கம்பெனி கட்டுகிறது' என்ற அதற்குரிய கட்டத்தில் காட்டினார்கள். சொந்தச் சவாரிகளுக்கு மட்டும் வரி போட்டார்கள். தரகர் வெறும் பூஜ்யமாகக் காட்டியிருந்த முதல் இரண்டு மாதத்தில் விட்டுப்போன சவாரிகளையும் சேர்த்தார்கள். பணத்தைக் கட்டியதும், பதிவு வேண்டாம் என்று ரத்துக்கு விண்ணப்பித்தார்கள். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் கடைசிக் கணக்கு என்று ஒன்று கொடுக்கவேண்டும். அதை மறந்தால் மறுபடியும் நோட்டீஸ் வரும் என்று நண்பர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

நாற்பதாயிரம் என்று பயந்தது அதில் ஒரு பங்காகக் குறைந்து போயிற்று. வண்டியை விற்கும் பேச்சும் நின்றது. வாசல்வரை வந்த சாரதி, "ஸார், இதை அன்னிக்கே யாராவது சொல்லியிருந்தா மூவாயிரமும் மிச்சம், எட்டு மாசத் தூக்கமும் மிச்சம்" என்றார். அந்த வார்த்தைதான் இதை எழுதத் தூண்டியது.

நேயர்கள் பெரும்பாலும் வாடகைக் காரில் பின் ஸீட்டில் அமருகிறவர்கள். முன் ஸீட்டு விஷயம் நமக்கு எதற்கு என்று எண்ணலாகாது. நாம் செய்யக்கூடியவை மூன்று உண்டு. நேரடிச் சவாரிக்கு ஒருவர் வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால், பதினைந்து எழுத்து எண்ணுள்ள ரசீதைக் கேட்கவேண்டும். பதிவு இல்லாதவருக்கு வரி வசூலிக்கும் உரிமை சட்டத்தில் இல்லை. எண் உண்மையானதா என்பதைச் சர்க்கார் தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, முறையாகப் பதிவு செய்தவர் ரசீதுடன் வரி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கவேண்டும். "ரசீது வேண்டாம், வரியைக் குறைத்துக்கொள்" என்று பேரம் பேசுவது படித்த குடும்பங்களுக்கு அழகல்ல. மூன்றாவது, வண்டி ஓட்டுபவரோ, வீட்டுக்குப் பால் கொண்டுவருபவரோ, ஒரு சர்க்கார் காகிதத்தை நீட்டினால் கால் மணி நேரம் ஒதுக்கிப் படித்துச் சொல்லவேண்டும். நமக்குப் புரியாவிட்டால் புரிந்தவரிடம் அழைத்துப் போகவேண்டும்.

அன்னியர் ஆண்ட காலத்தில் உப்புக்கு வரி கொடுக்க மறுத்தது தேசபக்தியாக இருந்தது. நம்மை நாமே ஆளும் காலத்தில் உரிய வரியைக் கொடுப்பது தேசபக்தி. ஆனால் எது உரியது, எது உரியதல்ல என்பது தெரியாமல், பயத்தினால் கொடுக்கும் பணத்தில் பக்தியும் இல்லை, சுயராஜ்யமும் இல்லை. சட்டம் நம்முடையது, அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் படித்தவர்களுடையதே.

சென்ற வாரம் அந்தச் சாரதி நம் தெரு வழியே போனார். நம்மைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, முன்பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் இன்ஷூரன்ஸ் காகிதம் மட்டும் இருந்தது.